போகம்பறையின் வைத்தியர்

கண்டி பஸ் நிலையத்தில் இறங்கி நடப்பவர் கண்ணில் அந்த நீண்ட மதில் படாமல் போகாது. சந்தை, புகையிரத நிலையம், விளையாட்டு மைதானம் எல்லாம் பக்கத்திலேயே. நகரத்தின் நட்டநடுவில் 1876இல் பிரித்தானியர் எழுப்பிய போகம்பறைச் சிறைச்சாலை 138 ஆண்டுகள் இயங்கி, 2014 ஜனவரி 1ஆம் திகதி மூடப்பட்டது. வெலிக்கடைச் சிறைக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய சிறையாக இருந்தது இது. தூக்குமேடை இருந்த சிறைகளும் இவை இரண்டும்தான். போகம்பறையில் மட்டும் 524 பேர் தூக்கிலிடப்பட்டதாகக் கணக்கு.

தூக்குமேடைக் கதை கண்டியில் எல்லோருக்கும் தெரியும். சிறை வைத்தியரைப் பற்றித்தான் பேச்சில்லை.

சிறை எழுந்த மறு ஆண்டே, 1877இன் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. சிறைக்கு வைத்திய அதிகாரி வேண்டும், ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே வைத்தியருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கைதிக்குப் பிரம்படி கொடுக்குமுன் அவன் உடம்பு அதைத் தாங்குமா என்று சோதித்து ஒப்பமிட வேண்டும். அவர் ஒப்பமிட்டால் அடி விழும். இந்தத் தண்டனையைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்க 2005 வரை ஆனது.

அன்று உள்ளே வந்தவர்களில் எல்லோரும் கொள்ளைக்காரர் அல்லர். கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் கொழித்த காலம் அது. 1865இன் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனாலோ வேலைக்கு மறுத்தாலோ தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தைவிட்டு வெளியேறுவதே குற்றம். அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளும், கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்ட துண்டு முறையும் 1921இல்தான் ஒழிந்தன. அதன் பிறகும் மலைநாட்டுக்கும் போகம்பறைக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடவில்லை. புப்புரஸ்ஸ ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை கொலை வழக்கில் தமிழ்த் தொழிலாளர் இருவர் 1942இல் தூக்கில் ஏறியது இங்கேதான். அதே ஆண்டு ஏப்ரலில் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன, எட்மன்ட் சமரக்கொடி ஆகிய சமசமாஜத் தலைவர்கள், காவலர் ஒருவரின் துணையோடு இதே மதிலைத் தாண்டிப் போனார்கள்.

மருந்தும் தண்டனையும் கைகோத்து நின்ற நாள் 1975 ஆகஸ்ட் 5. மரு சிரா என்று நாடறிந்த டி. ஜே. சிறிபாலவுக்கு அன்று தூக்கு. பலமுறை சிறையிலிருந்து தப்பியவர் அவர். இம்முறையும் ஏதாவது செய்துவிடுவார் என்ற பயம் அதிகாரிகளுக்கு. மன நோயாளிகளுக்குக் கொடுக்கும் லார்கக்டில் மருந்து அளவு மீறி அவர் உடம்பில் ஏறியது. காலையில் எழுப்பினால் எழவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிவந்து பொறிக்கதவின் மேல் வைத்தார்கள். நின்ற நிலையில் விழுபவனுக்கு அளந்து விடும் கயிறு, கிடந்த உடம்புக்கு எப்படிச் சரிவரும்? கழுத்தெலும்பு முறிந்து நொடியில் போகவேண்டிய உயிர், மூச்சுத் திணறித்தான் போனது. நாடே கொதித்தது, பின்னர் விசாரணையும் நடந்தது. 1978இல் அமரநாத் ஜயதிலக்க இவர் கதையைச் ‘சிறிபால சஹ ரன்மெனிகா’ என்று படமாகவும் எடுத்தார். மயங்கிக் கிடப்பவனைத் தூக்கிலிடக் கூடாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் வைத்தியர். அவருடைய மருந்துப் பெட்டியிலிருந்தே மயக்கம் வந்ததென்றால் அவர் யாருக்கு வைத்தியம் பார்த்தார்?

கைதிகளுக்கு மறுவாழ்வு என்ற பேச்சோ கண்டிக்கு வெளியே, பல்லேகலையில் வேரூன்றியது. அங்கே உயர்ந்த மதில் இல்லாத திறந்தவெளிச் சிறை முகாம். கைதிகள் வெயிலிலும் காற்றிலும் தோட்ட வேலை செய்யலாம். போகம்பறை மூடப்பட்டபோது அங்கிருந்தவர்களுக்கென்று எழும்பிய தும்பறைச் சிறையும் பல்லேகலையில்தான் அமைந்தது. பழைய கட்டடத்தைச் சுற்றுலா இடமாக்கலாமா என்று திட்டங்கள் போட்டார்கள்.

அதற்குள் கொரோனா வந்தது. 2020இல் வெலிக்கடை முதலிய சிறைகளில் தொற்றுப் பரவ, நெரிசலைக் குறைக்க இடம் தேடியவர்களுக்குப் பூட்டிக் கிடந்த போகம்பறை ஞாபகம் வந்தது. அதைத் திறந்து தனிமைப்படுத்தல் நிலையமாக்கினார்கள். ஆனால் ஆறு ஆண்டு ஆளில்லாமல் கிடந்த சிறை அது. நவம்பரில் அங்கிருந்து கைதிகள் தப்ப முயன்றபோது துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். அந்த மாதம் 29ஆம் திகதி, தொற்றுப் பயத்தில் மஹர சிறையில் வெடித்த கலவரத்தில் 11 பேர் மாண்டார்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழு அம்பிகா சற்குணநாதன் தலைமையில் நாட்டுச் சிறைகளில் நடத்திய ஆய்வும் அந்த ஆண்டின் இறுதியில்தான் வெளியானது. படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குவதையும், கழிப்பறைக்குள்ளேயே படுப்பதையும் கைதிகள் அதில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனைக்கும் சிறைகளை நடத்தும் அடிப்படைச் சட்டமாக இன்னமும் இருப்பது அந்த 1877ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான், திருத்தங்களோடு.