படம் எடுத்த பாத்திமா பேகம்

1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் 'ஆலம் ஆரா' திரையிடப்பட்டது. இந்தியாவின் முதல் பேசும்படம் அது. அதில் கதாநாயகியாகத் தோன்றிய சுபைதாவின் பெயரைத் திரைப்பட வரலாறு பயின்றோர் அறிவர். அவரைப் பெற்று வளர்த்துத் திரைக்குக் கொணர்ந்த தாயாரை அறிந்தோர் மிகச் சிலரே. அறிந்தோருங்கூட 'சுபைதாவின் தாயார்' என்றோ, 'சச்சின் நவாபோடு தொடர்புடைய பெண்மணி' என்றோ சொல்லிக் கடந்துவிடுகின்றனர். இந்தியாவில் முதன்முதலாகப் படம் இயக்கிய பெண் அவரே என்ற செய்தி எப்போதும் இரண்டாவது வரிக்குப் போய்விடுகிறது.

பாத்திமா பேகம் 1892இல் உருது பேசும் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். உருது நாடக மேடையில் நடிப்புப் பயின்றார். சூரத்துக்கு அண்மையிலிருந்த சச்சின் என்னும் சிறு சமஸ்தானத்தின் நவாப், மூன்றாம் சீதி இப்ராஹீம் முகம்மது யாகூத் கானின் பெயரோடு இவர் பெயரையும் இணைத்துப் பேசுவர். நிக்காஹ் நடந்ததற்கோ, பிள்ளைகளைத் தம்முடையோராக நவாப் ஏற்றுக்கொண்டதற்கோ ஆவணம் ஏதுமில்லை. சுபைதா, சுல்தானா, ஷஹ்ஸாதி என மூன்று பெண்மக்கள். வம்பளப்போருக்கு இதுவே போதுமான தீனி. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மூன்று பெண்மக்களின் தாய் ஒருவர் எத்தகைய காலத்தில், எத்தகைய தொழிலுக்குள் காலடி வைத்தார்?

1913இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுத்தபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் கிடைக்கவில்லை. சமூகம் இழிவாகக் கருதிய தொழிலில் இருந்தோருங்கூட மறுத்துவிட்டனராம். இறுதியில் உணவுக்கடைச் சமையற்காரரான சாளுங்கே என்னும் இளைஞர் சேலை கட்டினார். 1917இல் வந்த 'இலங்கா தகன'த்தில் இராமனும் அவரே, சீதையும் அவரே! 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்க்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்து அந்த வழக்கத்தை முதலில் உடைத்தனர். அங்கும் தாயும் மகளுமாகவே துணிந்தனர் என்பது என் கவனத்தை ஈர்க்கிறது. தனியே வருவதற்கு அந்தத் தொழில் அவ்வளவு அச்சமூட்டியது போலும்.

பாத்திமா பேகம் 1922இல் 'வீர அபிமன்யு' மூலம் திரைக்கு வந்தார். அர்தேஷீர் இரானியின் நிறுவனம் எடுத்த அப்படத்தை மணிலால் ஜோஷி இயக்கினார். மகள் சுல்தானாவும் அதில் நடித்தார். உருது பேசும் முஸ்லிம் பெண்கள் மகாபாரதக் கதையில் நடிப்பதற்கு எவ்விதத் தடையும் எழவில்லை. ஊமைப்படத்துக்கு மொழி ஏது? நடிகர்கள் வாயசைப்பர், எழுத்து அட்டைகள் இடையிடையே வந்து கதை சொல்லும். ஆயினும், குரலையே மூலதனமாகக் கொண்ட மேடைக் கலைஞர் அதைக் களைந்துவிட்டு முகத்தாலும் கையாலும் மட்டுமே பேச வேண்டியிருந்ததை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1924இல் கோஹினூர் நிறுவனம் 'குலே பகாவலி'யை எடுத்தபோது சுபைதா நடித்தார். 1955இல் தமிழிலும் படமாக வந்து நம் வீடுகளில் நன்கறியப்பட்ட அதே கதைதான்.

1926இல் அவர் செய்தது பெருந்துணிவு. 'பாத்திமா பிலிம்ஸ்' என்று தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி, 'புல்புலே பரிஸ்தான்' என்ற படத்தைத் தாமே இயக்கினார். பரிஸ்தான் என்றால் பரிகளின் நாடு. ஆகவே மாயக் காட்சிகள் நிறைந்த கற்பனைக் கதை. அக்காலத்தில் மாயக் காட்சி எடுப்பது எளிதன்று. காமிராவைக் கையால் சுற்றுவர். படச்சுருளில் ஒரு பகுதியை மறைத்துப் படம்பிடித்து, சுற்றுகளை எண்ணிப் பின்னோக்கிச் சுற்றி, மறு பகுதியில் மீண்டும் பிடிப்பர். எண்ணிக்கை பிசகினால் உழைப்பு முழுவதும் வீண். எடுத்த எடுப்பிலேயே இத்தகைய கதையைத் தேர்ந்துகொண்டவரின் நெஞ்சுரத்தை என்னென்பது! சொந்த நிறுவனம் நடத்திக்கொண்டே கோஹினூர், இம்பீரியல் நிறுவனங்களின் படங்களிலும் நடித்து வந்தார். 1928இல் நிறுவனம் 'விக்டோரியா பாத்திமா பிலிம்ஸ்' எனப் பெயர் மாறியது. 1929இல் 'பாக்கிய தேவதை' என்ற பொருள்படும் படத்தை இயக்கினார். தமிழில் டி. பி. ராஜலட்சுமி அம்மையார் 'மிஸ் கமலா'வை இயக்கியது 1936இல். இதற்குப் பத்தாண்டுகள் பின்னர்.

இன்று பாத்திமா பேகத்தை 'மேதை' என்று எழுதுவோர் உளர். அதை நான் ஒப்பவில்லை. 'புல்புலே பரிஸ்தா'னின் ஒரு பிரதியும் எஞ்சவில்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 ஊமைப்படங்களில் மிகச் சிலவே, அவையும் பல துண்டுகளாகவே, எஞ்சியுள்ளன. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. 'ஆலம் ஆரா'வுக்கே பிரதி இல்லாதபோது மற்றவற்றைச் சொல்வானேன்? காணாத படத்தைப் புகழ்வதும் இகழ்வதும் ஒன்றே. ஆனால் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் பாத்திமா என்று எழுதியிருந்ததைக் காண நமக்குப் படச்சுருள் தேவையில்லை. நவாபின் பட்டமோ மகளின் புகழோ அதில் எழுதப்படவில்லை.

பேசும்படங்கள் வந்த பின்னும் அவர் நடித்தார். 1938இல் வந்த 'துனியா கியா ஹை' அவருடைய கடைசிப் படம். அதன்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்து, 1983இல் தமது 91ஆம் வயதில் மறைந்தார். சுபைதா ஹைதராபாத்தின் தன்ராஜ்கீர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, 1988இல் காலமானார். சுல்தானா பாகிஸ்தானில் குடியேறினார். அவருடைய மகள் ஜமீலா ரஸ்ஸாக் அங்கே படங்களில் நடித்தார்.