வ.உ.சி.யின் பிற்கால அரசியல் வாழ்வு (1920–1936)

திருச்செந்தூர்க் கடற்கரையினின்று வடக்கு நோக்கிச் செல்வார், தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலைக் கடந்து தூத்துக்குடித் துறையை அடைவர். அத்துறையில் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1908-இல் தண்டிக்கப்பெற்று, 1912-ஆம் ஆண்டின் இறுதியில் சிறையினின்று மீண்டார். அவர்தம் அரசியல் அத்துடன் முடிந்தது என்பது பலர் கருத்து. பின்னைய இருபத்துநான்கு ஆண்டுகள் வறுமைக் கதையாகவே சுருக்கியுரைக்கப்படுகின்றன. இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தண்டனையால் வழக்கறிஞர் உரிமையை இழந்த வ.உ.சி. சென்னையில் வாழ்ந்த காலத்துத் திரு.வி.க. முதலியோருடன் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்க்கு இது புதுத்துறை அன்று. பழைய பணியின் தொடர்ச்சியே என்க.

1920 ஆகஸ்டு முதல் நாளில் திலகர் மறைந்தார். அடுத்த திங்களில் கல்கத்தாவில் கூடிய சிறப்புக் காங்கிரசு ஒத்துழையாமையை ஏற்றது. திலகர் வழிநின்ற வ.உ.சி. அக்கொள்கை தமக்கு உடன்பாடன்மையின் காங்கிரசினின்றும் விலகினார். இவ்விலகலைச் சோர்வென்று கூறுதல் பொருந்தாது. சோர்ந்தவர் கூட்டத்தோடு ஒத்துச் செல்வர். தம் கருத்தில் உறுதியுடையாரே நாடெங்கும் ஓங்கிவரும் தலைமையினின்று வேறுபட்டுத் தனித்து நிற்பர்.

பின்னர், நீதிபதி வாலேசு என்பாரின் உதவியால் இழந்த உரிமையைத் திரும்பப் பெற்றுக் கோவிற்பட்டியில் வழக்கறிஞராய் அமர்ந்தார். அந்நன்றி மறவாது தம் மைந்தர் ஒருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தாரேனும் ஆங்கிலரை வெறுத்தாரல்லர் என்பதற்கு இஃதொரு சான்று. 1927-இல் மீண்டும் காங்கிரசிற் சேர்ந்து, சேலத்தில் நிகழ்ந்த அரசியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அவர்தம் தலைமையுரை ‘எனது அரசியல் பெருஞ்சொல்’ என்னும் பெயரான் வழங்குகின்றது. அரசியலினின்றும் ஓய்ந்தாரை ஒரு மாநாடு தலைவராக அழைத்தல் யாங்ஙனம்?

இதே காலத்துத்தான் அவர்தம் தமிழ்ப்பணியும் முதிர்ந்தது. தொல்காப்பியத்திற்கு முதலுரை கண்ட இளம்பூரணரின் எழுத்ததிகார உரையை 1928-இற் பதிப்பித்தார். பொருளதிகார உரையை வையாபுரிப் பிள்ளையின் துணையொடு வெளியிட்டார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு அவர் வரைந்த உரை 1935-இல் வெளிவந்தது. ஆங்கிலக் கம்பெனியின் தனியுரிமையைக் கடலில் எதிர்த்தவர், மூலவுரையை மாணவர் கைக்கு நேரே சேர்ப்பிக்க முனைந்தமை, பிறரைச் சார்ந்து நில்லாத அதே உள்ளத்தின் செயலாகும் என்பது எம் துணிபு.

1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் அவர் மறைந்தார். திருச்செந்தூர் உள்ளிட்ட பகுதி 1986-இல் நெல்லையினின்றும் பிரிந்தபோது அவர் பெயராலேயே மாவட்டமாயிற்று; 1997-இல் அப்பெயர் நீங்கிற்று. மாவட்டத்திற்கு இட்ட பெயர் மாறலாம். ஆயின் ஒருவர் வாழ்வின் பிற்பாதியை வரலாறு விடுத்தல் கூடாது. வ.உ.சி.யின் அரசியலை ஆராய்வார் 1912-இல் நில்லாது 1936 வரை செல்லல் வேண்டும்.