வானிலைத் தடையும் விமானக் கட்டண மீளளிப்பும்

புயல், பெருமழை, மூடுபனி காரணமாகப் பறப்பு இரத்தாகும்போது பயணிக்குப் பண உரிமை உண்டு. இதில் மீளளிப்பும் நட்டஈடும் வெவ்வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறுகிறார்கள். வானிலை விமான நிறுவனத்தின் கையில் இல்லாததால் நட்டஈடு பொதுவாகக் கிடைக்காது. நடக்காத பயணத்தின் கட்டணம் வேறு விஷயம். இந்திய விதிப்படி இரத்தான பறப்புக்கு மாற்றுப் பறப்போ முழுப் பணமோ தர வேண்டும்; ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி தங்குமிடமும் உணவும்கூடக் கோருகிறது. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை, 19ஆம் பிரிவில், தாமத இழப்பை மட்டுமே பேசுகிறது. நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுத்த நிறுவனம் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபடும்.

இத்தகைய வானிலைத் தடைக்கு எடுத்துக்காட்டாக, 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலைய ஓடுபாதையே நீரில் மூழ்கிப் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடப்பட்டது.

இலங்கையில் ஓப்பநாயக்கவிலிருந்து வளைகுடா வேலைக்குப் புறப்படும் தோட்டத்துப் பெண் விடியுமுன் பஸ் ஏறி, பெல்மதுளை, இரத்தினபுரி கடந்து கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர்கிறாள். அங்கே பறப்பு இரத்தாகும்போது, டிக்கெட்டை முகவர் எடுத்திருந்தால் பணமும் பெரும்பாலும் அவர் வழியேதான் திரும்பும். ஆகவே பறப்பு இரத்தான அறிவித்தலையும் முன்பதிவு எண்ணையும் அவள் கையோடு வைத்திருப்பது மிக முக்கியம். மாற்றுப் பறப்பை ஏற்றுக்கொண்டால் மீளளிப்புக் கோரிக்கை பொதுவாக முடிந்துவிடும்.