புதிய தரகன்

யாழ்ப்பாணக் கமக்காரனின் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூர்ச் சந்தையை அடைந்தது. வாங்குவோன் முகத்தை விளைவித்தவன் அறியான். இடையே தரகன் நின்றான். விலையும் அவன் வாயிற் பிறந்தது. இந்நிலையை மாற்றவே 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் இங்கே எழுந்தது.

இன்று ஒடியலும் பனங்கட்டியும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் தம் வரவை அறிவித்து, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவரை அழைக்கின்றன. 2006இல் ஏ-9 பாதை மூடப்பட்டுத் தனித்துக் கிடந்த குடாநாட்டில், ஓர் ஏழைப் பெண் தன் கைப்பொருளை உலகுக்குக் காட்ட முடிகிறது. இது சிறு நன்மையன்று.

ஆயின் தரகன் மறைந்தானா? வட்ஸ்அப்பை 2014இல் முகநூல் நிறுவனமே வாங்கிக்கொண்டது. முகநூலில் எந்தச் சரக்கு எவர் கண்ணிற் படவேண்டுமென்பதை அந்நிறுவனமே தீர்மானிக்கிறது. காசு கொடுத்தவனுக்கே முன்வரிசை. 2018 மார்ச்சில், கண்டி வன்முறையை அடுத்து அரசு இவ்வாயில்களை நாடெங்கும் அடைத்தபோது, அவற்றையே நம்பிய சிறு வியாபாரியின் கடையும் அடைபட்டது.

வாடிக்கையாளர் விரும்பித் தந்த மின்னஞ்சல் முகவரிகளைத் தன் ஏட்டில் வைத்திருப்பவனோ மறுநாளும் மடல் விடுக்கலாம். அவ்வேட்டைக் கூட்டாகப் பேணுவது நம் சங்கங்களின் கடன். தரகன் முன் தனித்து நில்லாதிருக்க நம் பாட்டன்மார் கண்ட வழியை நாம் ஏன் மறக்கவேண்டும்?