காப்பும் கட்டியக்காரனும்

லயிப்பு என்ற சொல்லை நம் விமர்சகர்கள் வெகு தாராளமாகச் செலவழித்துவிட்டார்கள். சங்கீதத்தில் லயிப்பு, நாவலில் லயிப்பு, சினிமாவில் லயிப்பு. ரசிகன் தன்னை மறந்தான் என்று எழுதிவிட்டால் விமர்சனம் முடிந்தது. மறந்தவன் திரும்பி வந்தானா, எந்த வழியாக வந்தான் என்று யாரும் கேட்பதில்லை. 1817இல் கோல்ரிட்ஜ் வாசகனின் அவநம்பிக்கையைப் பற்றி எழுதியபோது, அதை அவன் தானே விரும்பிச் சற்று நேரத்துக்குத் தள்ளி வைக்கிறான் என்றார். வகுப்பறைகள் தள்ளி வைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டன. விரும்புவதும் சற்று நேரம் என்பதும் விட்டுப்போயின.

இந்த விசாரம் எனக்கு இலக்கியத்திலிருந்து வரவில்லை. என்னோடு வங்கியில் வேலை பார்ப்பவரின் மகன், பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டு ஒன்றை நடத்துகிறான். நாலைந்து பேர் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவன் கள்வன், ஒருத்தி மந்திரவாதி, இன்னொருவன் வாள்வீரன். நடுவன் ஒரு இடத்தை வர்ணித்து, "நீ இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்கிறான். பதில் வந்ததும் இருபது முகப் பகடை உருளுகிறது. கதை அதன்படி நகர்கிறது. எழுதி வைத்த முடிவு கிடையாது. பையனின் குறை இதுதான்: அரைமணி நேரத்தில் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். ஒருவன் போனை எடுக்கிறான். ஒருத்தி சிரிக்க ஆரம்பிக்கிறாள். விளக்கைத் தணித்துப் பார்த்தானாம், பின்னணியில் சங்கீதம் வைத்துப் பார்த்தானாம். "இவங்களை எப்படித்தான் அங்கிள் பிடிச்சு வைக்கிறது?" என்றான்.

விளக்கும் சங்கீதமும் இதற்குப் பயன்படாது என்பதற்கு இந்த விளையாட்டின் சரித்திரமே சாட்சி. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் படைகளுக்கான யுத்த விளையாட்டு ஒன்றை வகுத்தார். வரைபடம், கட்டைகள், பகடை, கட்டுக்கட்டாக விதிகள், நடுவில் ஒரு நடுவர். விதிகள் பெருகப் பெருக ஆட்டம் கணக்குப் பார்ப்பதாகிவிட்டது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்பவர், விதிகளை ஒதுக்கிவிட்டு நடுவரின் தீர்ப்பை நம்புவோம் என்றார். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1969இல், அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்து யுத்த விளையாட்டு ஒன்றில் புதுமாதிரியாக ஒன்றைச் செய்தார். பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். படைத்தலைவர்களைத் தவிர மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார். ஒருவர் ஊர்த்தலைவர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர், ஒருவர் வங்கிக்காரர். (யுத்தகளத்தில் வங்கிக்காரருக்கு என்ன வேலை என்று என் சக ஊழியர்கள் கேட்கலாம். கணக்கை முடித்துவிட்டுத்தான் ஓடவேண்டும்.) யுத்தம் நடக்கவே இல்லை. ஆளாளுக்கு மூலையில் நின்று பேசினார்கள், சதி செய்தார்கள், இரண்டு பேர் ஒருவரையொருவர் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார்கள். அதற்கு விதியே இல்லாததால் வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றைக் கற்பித்தார். ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று அவர் நினைத்தார். ஆடியவர்கள் இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெஸன், கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வெளியிட்டது இதன் நீட்சிதான். ஜோடனையால் அந்த லயிப்பு வரவில்லை. நீ யார், உனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவனும் கேட்கப்பட்டான். பதில் சொல்ல வேண்டியிருந்தவன் உள்ளே போய்விட்டான்.

இது அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

நார்த்தாமலையை நகரத்தார் மலையின் மரூஉ என்பார்கள். சோழர் காலத்தில் வணிகர்களின் ஊர். தெலுங்குகுலகாலபுரம் என்று கல்வெட்டுகள் சொல்லும். மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்கப் போயிருந்தபோது, பாறைச் சரிவில் ஆடு மேய்க்க வந்த இருவர் கரித்துண்டால் கோடு கீறி ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று புள்ளிகள். ஆடுகள் எல்லாம் இறங்கி முடியும்வரை ஒரு ஆடும் நகரக்கூடாது. புலி முதலிலிருந்தே நகரலாம், தாண்டி வெட்டலாம். சம பலம் கிடையாது. பெரியவர் "என்னை எங்கே கட்டுவே?" என்றார். புலியை எங்கே கட்டுவாய் என்று கேட்கவில்லை. அவருக்கு எதிரில் இருந்த பையனோ நிஜ ஆடு ஒன்று பள்ளத்தில் இறங்குவதைப் பார்த்து எழுந்து ஓடி, விரட்டிவிட்டு வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்தான். பெரியவர் புலியாகவே காத்திருந்தார். ஆட்டத்திலிருந்து எழுந்து போவது ஆட்டத்தைக் கெடுத்ததாக அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அதே ஊரில் பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா. பூச்சொரிதல், காப்புக் கட்டு, தேர் என்று போகும். காப்பு என்பது ஸ்தூலமாகப் பார்த்தால் ஒரு மஞ்சள் நூல். கட்டினவனுக்கு விரதம். காப்புக் கட்டிய பிறகு ஊர் எல்லை தாண்டி இரவு தங்குவதில்லை என்பது தமிழ்நாட்டில் பல கிராமங்களில் இருந்துவரும் கட்டுப்பாடு. நேற்றுவரை லாரி ஓட்டியவன் காப்புக் கட்டியபின் வேறு ஆள். ஆனால் எத்தனை நாளைக்கு வேறு ஆள் என்பதும், யார் அவிழ்ப்பார் என்பதும் கட்டும்போதே தீர்மானமாகிவிட்டது. அலகு குத்தி வருகிறவனோடு ஒட்டினாற்போல ஒருவன் நடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மச்சானோ அண்ணனோ, கையில் எலுமிச்சம்பழமும் விபூதியும் வைத்திருப்பான். அவனுக்கு அருள் வராது, வரக்கூடாது. சாமி வந்தவரிடம் "யாரு வந்திருக்கிறது?" என்று கேட்பதற்கும், கடைசியில் விபூதி பூசி மலையேற்றுவதற்கும் ஒரு நிதானமான ஆள் வேண்டும். பிரஷ்ய நடுவருக்குச் சீருடை இருந்தது. இவனுக்குத் தோளில் துண்டு.

இதைக் கலையாக்கி வைத்திருப்பது வடக்கே, தொண்டைமண்டலத்துப் பாரதக் கூத்து. ந. முத்துசாமி 1970களில் புரிசைக் கூத்தைப் பற்றி எழுத ஆரம்பித்த பிறகுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே உறைத்தது. உடனே பிரெக்ட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். ஜெர்மனியில் ஒரு சாட்சி கிடைக்காமல் நமக்கு எதையும் மதிக்கத் தெரியாது. கட்டியக்காரன் திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவிடம் யார் நீ என்று கேட்கிறான், அவன் தன் குலம் கோத்திரம் சொல்லி வெளிப்படுகிறான். நடுவில் கட்டியக்காரன் உள்ளூர் விவகாரத்தை இழுக்கிறான், தூங்குகிறவனைக் கேலி செய்கிறான். பார்வையாளன் சிரிக்கிறான், வெளியே வருகிறான், மறுபடி உள்ளே போகிறான். இப்படிப் போய் வருவதால்தான் விடியும்வரை இருக்க முடிகிறது. அர்ஜுனன் தபசில் கம்பத்தின் உச்சியிலிருந்து எறியப்படும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வேண்டிக் கீழே காத்திருக்கும் பெண்களுக்கு, மேலே இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். அர்ஜுனன் என்பதும் தெரியும். இரண்டில் ஒன்றை மறந்தால்தான் மற்றது நிற்கும் என்பது நாற்காலி போட்ட நாடகக் கொட்டகையில் பிறந்த எண்ணம்.

ஹாலந்துக்காரரான ஹூய்சிங்கா 1938இல் விளையாட்டைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். கள்ள ஆட்டம் ஆடுகிறவன் ஒருவன், ஆட்டத்தையே மறுத்துக் குலைக்கிறவன் ஒருவன். முன்னவனை உலகம் மன்னிக்கும், பின்னவனை மன்னிக்காது என்கிறார். நல்ல அவதானிப்பு. ஆனால் கட்டியக்காரனுக்கு இதில் இடமில்லை. ஆட்டத்தைக் கேலி செய்துகொண்டே அதைக் காப்பாற்றுகிறவனை அவர் தனியாக எண்ணவில்லை. மேசையில் சிரிக்க ஆரம்பித்த அந்தப் பெண்ணைப் பையன் வில்லியாக நினைப்பதும் இதே மாதிரிதான். அவள் சிரித்து முடித்ததும் "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டுப் பார் என்றேன். விளக்கைப் போட்டுவிட்டே கேட்கலாம் என்றும் சொன்னேன். அவனுக்கு இது பிடித்ததாகத் தெரியவில்லை.

சபா பர்வத்தின் சூதாட்டத்தை நான் இந்த விசாரத்தோடு சேர்த்தே படிக்கிறேன். லயிப்பு பூரணமாக நிறைந்த இடம் அது. தருமன் ஒவ்வொன்றாக வைக்கிறான், தம்பியரை வைக்கிறான், தன்னை வைக்கிறான். பீஷ்மரும் துரோணரும் விதிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு கேள்வி வருகிறது: முதலில் அவன் தன்னைத் தோற்றானா, என்னைத் தோற்றானா? ஆட்டத்தின் விதிக்குள் நின்றே கேட்கப்பட்ட கேள்விதான். விகர்ணன் ஒருவன் எழுந்து நியாயம் சொல்கிறான். கர்ணன் அவனை அடக்குகிறான். சபையில் யாரும் அதற்கு முடிவான பதில் சொல்லவில்லை. எல்லாம் திருப்பிக் கொடுக்கப்பட்ட பிறகு, ஊருக்குப் போகும் வழியில் மறுபடி ஆள் வந்து கூப்பிட, தருமன் மறுபடி போய் உட்காருகிறான். இந்த இரண்டாவது முறையை நம் உரைகாரர்கள் க்ஷத்திரிய தர்மம் என்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதலாவதைவிடப் பயங்கரமாக இருக்கிறது.

துகிலுரிதலைக் கூத்தில் ஆடும்போது துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் புடவையைத் தொடுவார். தான் யார் என்பதை அம்மனிடம் ஒருமுறை சொல்லிவைத்துக்கொள்கிறார்.

பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தமிழக அரசு 2023இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே வருஷம் நவம்பரில், ரம்மி திறமை ஆட்டம் என்று சொல்லி, ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு கணக்கின் பதிவுகள் என் மேசைக்கு வந்தன. யாருடையது என்பது இங்கே வேண்டாம். ஒரே இரவில் நூறு, இருநூறு, ஐந்நூறு, பிறகு ஆயிரங்கள். நடுவில் ஒருமுறை ஆறாயிரம் திரும்பி வந்திருக்கிறது. பத்து நிமிஷத்தில் அதுவும் போய்விட்டது. கடைசிப் பதிவின் நேரம் அதிகாலை மூன்று மணி பத்து. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் கட்டியக்காரன் பந்தலில் தூங்குகிறவர்களைப் பெயர் சொல்லி எழுப்பும் நேரம் அது.