ஸ்விங் (தமிழ்த் திரையிசை)

ஸ்விங், 1930களில் அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த, ஆட்டத்துக்கேற்ற ஜாஸ் வகை. இதில் தாளத்தின் அரையடிகள் சமமாக விழுவதில்லை. ஒன்று நீள, அடுத்தது குறுகும். 1940களில் லூயி ஜோர்டன் போன்றோர் இதைச் சிறு குழுவுக்கு அடக்கி, சாக்ஸபோனை முன்னிறுத்தி வேகம் கூட்டியபோது ஜம்ப் புளூஸ் பிறந்தது. ராக் அண்ட் ரோலுக்கு அதுவே முன்னோடி.

1935இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் லியான் ஏபியின் குழு பம்பாய் தாஜ் ஓட்டலில் வாசித்தது. கோவா கலைஞர்கள் இந்த இசையைக் கற்று இந்திப் படங்களுக்குக் கொண்டுவந்தனர். டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் 'அல்பேலா' (1951) படத்தில் தம் குழுவுடன் திரையிலேயே தோன்றினார்.

தமிழில் ஸ்விங்கின் செழிப்பான காலம் 1950களின் பிற்பகுதியும் 1960களின் முற்பகுதியும். கொழும்பில் வளர்ந்த நடிகரும் பாடகருமான ஜே. பி. சந்திரபாபு, குரலைச் சட்டென மேலும் கீழும் தாவவிடும் யோடலிங்கை இங்கே பரப்பினார். ராகப் பாடல்களுக்குப் பேர்பெற்ற இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் 'உத்தம புத்திரன்' (1958) படத்தின் 'யாரடி நீ மோகினி'யில் ராக் அண்ட் ரோலைத் துணிந்து புகுத்தினார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் 'புதிய பறவை' (1964) கிளப் பாடலுக்கு 'ஸ்வே' என்ற மேலைப் பாடல் தூண்டுதல் என்பர். இக்காலப் பாடல்களை ஸ்விங் என்பதா, லத்தீன் வகை என்பதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பலவற்றில் இரண்டும் கலந்தே ஒலிக்கின்றன.

அதே ஆண்டு வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தின் 'அவளுக்கென்ன' பாடலைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒலிப்பதிவுக் கூடமே அதில் காட்சியாகிறது. டி. எம். சௌந்தரராஜன் மைக் முன் பாட, எம். எஸ். விஸ்வநாதன் கையசைத்து இசைக்குழுவை நடத்துகிறார். வாத்தியக்காரர்களும் திரையில் தெரிகிறார்கள். பாடலைத் தூக்கி நிறுத்தும் பாங்கோஸ் மேளம் நோயல் கிராண்ட் வாசித்தது என்பர். டைட்டிலில் பெயர் வராத வாத்தியக்காரர்களின் முகத்தைப் பதிந்துவைத்ததால் இக்காட்சி அரிய ஆவணமாகிறது.

பின்னர் டிஸ்கோவும் சின்தசைசரும் முன்வர, ஸ்விங் பின்தங்கியது.

மீட்டெடுப்பு 1997இல் நிகழ்ந்தது. மணிரத்னத்தின் 'இருவர்' படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான் பழைய திரையிசையின் ஒலியைப் புதிதாகக் கட்டினார். 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி'யில் ஜாஸ் நடை வெளிப்படை. ஆஷா போஸ்லே பாடிய 'வெண்ணிலா வெண்ணிலா' அதன் நிதானமான முகம். அமெரிக்காவில் பிக் பேட் வூடூ டாடி, பிரையன் செட்சர் ஆர்கெஸ்ட்ரா ஆகியவை ஸ்விங்கைப் புதுப்பித்ததும் இதே காலத்தில்தான்.

2015இல் இந்தியில் 'பாம்பே வெல்வெட்' படத்துக்கு அமித் திரிவேதி இந்தப் பாணியில் இசையமைத்தார்.