வழக்கின் எல்லையும் சிகிச்சையின் எல்லையும்: சென்னை மேற்குப் புறநகரில் வன்கொடுமைக்குள்ளான குழந்தைகளுக்கான உளச்சிகிச்சை

முன்னுரை

வன்கொடுமைக்குள்ளான குழந்தை நெடுங்காலம் சாட்சியாகவே கருதப்பட்டது. சிகிச்சைக்குரியவராகக் கருதப்பட்டது அண்மைக்காலத்தில்தான். சட்டத்தின்வழி வந்த இம்மாற்றம் குடும்பத்தை எவ்வளவு தூரம் உள்ளடக்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டமும் சிகிச்சையும்

2004இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'துளிர்' அமைப்பு, தடுப்போடு குணப்படுத்தலையும் தன் நோக்கமாகக் கொண்டது. 2007இல் ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட 13 மாநில ஆய்வில், 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒருவகைப் பாலியல் வன்கொடுமையைத் தெரிவித்தனர். 2012 நவம்பர் 14இல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 39ஆம் பிரிவு, விசாரணைக்கு முன்னும் விசாரணையின்போதும் குழந்தைக்கு உளவியல், சமூகப்பணி வல்லுநர்கள் உதவ வழிசெய்தது. 2020ஆம் ஆண்டு விதிகள் ஆதரவு நபரின் பணியை விரிவாக்கின. எனினும் இவ்வுதவியின் காலஅளவு வழக்கின் காலஅளவே ஆகும்.

குடும்பத்தின் இடம்

உளச்சிகிச்சை இவ்வளவில் நிறைவுறுவதில்லை. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிதல்–நடத்தைச் சிகிச்சையில், குற்றத்தில் பங்கற்ற பெற்றோருக்கும் தனி அமர்வுகள் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராயின், தாய் ஒரே வேளையில் சாட்சியாகவும் குழந்தையின் துணையாகவும் விளங்க வேண்டியுள்ளது; வருவாய் இழப்பும் அவரையே சேர்கிறது.

மாறிய எல்லைகள்

புறநகரின் நிர்வாக வரலாறு இச்சிக்கலைக் கூட்டுகிறது. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது; 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்திற்கு மாறியது. 2019இல் மாநகராட்சியான ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடிக்கின்றன. 2022இல் உருவான ஆவடி காவல் ஆணையரகமோ இம்மூன்று ஊர்களையும் உள்ளடக்குகிறது. குழந்தைகள் நலக் குழு மாவட்ட அளவில் அமைவதால், அம்பத்தூர்க் குழந்தையின் புகாரும் பராமரிப்பும் வெவ்வேறு எல்லைகளுக்குள் அடங்குகின்றன. தொழிற்பேட்டையை நம்பி வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம் அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு வீடு மாறினால் மாவட்டமே மாறிவிடுகிறது. இடையில் அறுபடக்கூடியது, குழந்தை ஒரு சிகிச்சையாளர்மீது மெல்ல வளர்த்துக்கொண்ட நம்பிக்கையாகும்.

முடிவுரை

2012க்குப் பின் குழந்தையின் மனக்காயத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அக்காயம் தீர்ப்போடும் மாவட்ட எல்லையோடும் முடிவதில்லை. வழக்கு எண்ணைச் சாராமல் குடும்பத்தைத் தொடரும் சிகிச்சை முறையே இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாக அமைதல் வேண்டும்.